ஐப்பசியில் பாறை ஏற வருகிறவர்களுக்கு

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பெங்களூரில் வேலை. இரண்டு வருடமாக அங்கே உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகியிருக்கிறார். தீபாவளி விடுமுறைக்கு மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறார். "இலையுதிர் காலம்தான் பாறை ஏற அருமையான பருவம் என்று வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். மதுரையில் அந்த மாதங்களில் ஏற முடியுமா? வெளிப்பாறையில் என்னென்ன ஒழுங்கு பார்க்க வேண்டும்?" என்று இரண்டு கேள்வி. எங்கள் ஊர் மலைகளில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அவர்கள் இலையுதிர் காலத்தைக் கொண்டாடுவதற்குக் காரணம் குளிர்தான். பாரிசுக்குப் பக்கத்திலுள்ள ஃபோன்டென்புளோ காட்டில் மணற்கல் உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. கோடையில் அதே கல் கையை வழுக்கிவிடும், அக்டோபரில் ஒட்டிக்கொள்ளும். விரல் வியர்ப்பது குறைகிறது, ஷூவின் ரப்பர் இளகாமல் விறைப்பாக நிற்கிறது, காற்றில் ஈரம் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் பிடிமானம்.

நமக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மதுரைக்கு வருடத்தில் பெய்கிற மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதனால், "இப்போது வேண்டாம், மார்கழி பிறக்கட்டும், பனியில் பாறை நன்றாக இருக்கும்" என்றுதான் இங்கே பலரும் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடிமானத்தை மட்டும் பார்த்தால் அது சரியும்கூட. மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் நம் கருங்கல் கொடுக்கிற பிடி வேறு எந்த மாதத்திலும் வராது.

ஆனால் அதே மாதங்களில்தான் மலையில் பறவைகள் கூடு கட்டுகின்றன. வல்லூறும் கழுகும் செங்குத்துப் பாறையின் நடுவில் ஒரு திட்டையோ குழியையோ பார்த்து முட்டையிடும். கார்த்திகை கடைசியிலேயே ஜோடி இடம் பார்க்கத் தொடங்கிவிடும். மார்கழியிலிருந்து சித்திரை வரைக்கும் முட்டை, குஞ்சு என்று அந்தப் பாறை அவற்றின் வீடு. நீங்கள் 50 அடி தள்ளித்தான் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் தாய்ப்பறவை எழுந்து போய்விடும். நீங்கள் அங்கே இருக்கிறவரைக்கும் திரும்பாது. மாசி வெயிலில் சுட்ட பாறையில் குஞ்சு நிழலில்லாமல் கிடந்தால் அரை மணி நேரமே அதிகம். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் வல்லூறு கூடு கட்டும் மாதங்களில் குறிப்பிட்ட பாறைகளை ஒவ்வொரு வருடமும் மூடிவிடுகிறார்கள். ஏறுகிறவர்களும் அதை ஒப்புக்கொண்டு வேறு பாறைக்குப் போகிறார்கள். நம் பக்கத்தில் பாறையை மூடி அறிவிப்புப் பலகை வைக்க யாரும் இல்லாததால் அதை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் என் பதில் இப்போது மாறிவிட்டது. உயரமான செங்குத்துப் பாறைக்கு ஐப்பசியும் கார்த்திகை முன்பாதியும், அதுவும் மழை விட்ட இடைவெளிகளில். மார்கழிக்கு அப்புறம் தரையில் கிடக்கிற உருண்டைகளில் ஏறுங்கள், பெரிய பாறை முகத்தைப் பறவைக்கு விட்டுவிடுங்கள். ஆக, வெளிநாட்டு இலையுதிர் காலம் வருகிற அதே நேரத்தில்தான் நமக்கும் வாய்ப்பு. காரணம்தான் வேறு. ஐப்பசியிலேயே ஒரு ஜோடி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமடித்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள், காரணம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

அரிட்டாபட்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் மேலூருக்குப் பக்கம் என்பதால் கண்டிப்பாக அங்கே மனம் போகும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு மூன்றும் அந்தக் குன்றுகளில் இருக்கின்றன. அங்கே எந்த மாதத்திலும் ஏற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பைனாகுலர் எடுத்துக்கொண்டு போய்க் கீழே உட்கார்ந்து பாருங்கள். ஷாகீன் ஒன்று இறக்கையை மடித்துக் கீழே பாய்வதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் ஏறாமல் வந்த வருத்தமே இருக்காது.

சரி, மழை இடைவெளியில் பாறையை எப்படிப் பார்ப்பது? ஐப்பசி மழை எங்கள் பக்கம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் திரண்டு சாயங்காலம் இடியோடு கொட்டும். விடியலில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதனால் வெளிச்சம் வந்தவுடன் தொடங்கி 10 மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். அழகர்மலைப் பக்கம் மேகம் கோபுரம் கோபுரமாக எழும்பத் தொடங்கினால் பாதி வழியில் இருந்தாலும் இறங்குங்கள். மொட்டைப் பாறையின் உச்சியில் மின்னலுக்கு நீங்கள்தான் உயரமான பொருள்.

வெயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பாறை காய்ந்த மாதிரி தெரியும். ஆனால் மேலே சுனையோ குழியோ இருந்தால் தண்ணீர் இரண்டு மூன்று நாள் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவு இறங்குகிற தடம் கறுப்புக் கோடாகத் தெரியும். காய்ந்த நாளில் அதில் கால் வைத்தால் ஒன்றும் ஆகாது. ஈரத்தில் அது பாசி, எண்ணெய் தடவிய ஓடு போல வழுக்கும். இன்னொன்று பொருக்கு. நம் பாறை வெயிலில் காய்ந்து காய்ந்து வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிகிற பாறை. மழை பெய்ததும் பொருக்குக்குப் பின்னால் இருக்கிற மண் ஊறி இளகிவிடும். பிடிக்கும் முன் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் பிடிக்கலாம். காலிப் பானையைத் தட்டின மாதிரி 'டொப்' என்றால் அதில் கை வைக்காதீர்கள். உள்ளரங்கச் சுவரில் பழகின கைக்கு இந்தப் பழக்கம் சுத்தமாக இருக்காது. அங்கே ஒவ்வொரு பிடியும் திருகாணி போட்டு முடுக்கியது, அதனால் நம்பிப் பழகிவிடுகிறோம். தலைக்கவசம் எல்லாருக்கும் வேண்டும், கீழே நிற்கிறவருக்கு முதலில் வேண்டும்.

இடுக்கில் கை விடும் முன் எட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் சுருட்டை விரியனும் தேளும் ஒதுங்குகிற இடம் அது. கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வெயில் பற்றி ஒரு வசதியான செய்தி. புரட்டாசி முதல் வாரத்துக்கு மேல் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், பங்குனி வரை அப்படியேதான் இருக்கும். அந்த ஆறு மாதமும் வடக்கு பார்த்த செங்குத்துப் பாறையில் நேர் வெயில் விழாது. ஆனியில் போனால் அதே பாறை அடுப்பு. ஐப்பசியில் நிழலைத் தேடுகிறவர்கள் வடக்கு முகத்தைத்தான் தேட வேண்டும். மழைக்கு மறுநாள் மட்டும் இது தலைகீழ். வெயில் படாத முகம் காயாது, அன்றைக்குக் கிழக்கு முகம்தான் கைகொடுக்கும்.

இனி ஒழுங்கு. ஷூ மாட்டுவதற்கு முன்னால் தொடங்குகிற விஷயம் அது. இந்தப் பாறை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். வனத்துறையா, தொல்லியல் துறையா, கோயிலா, ஊர்ப் புறம்போக்கா, யாராவது ஒருவரின் பட்டாவா? ஒரே குன்றில் இந்த ஐந்தும் இருக்கலாம். காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. பட்டா என்றால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊர்ப் பொதுவிடம் என்றால் ஊர் கூடுகிற மந்தையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களிடம் போய், யார், எந்த ஊர், என்ன செய்யப் போகிறோம், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கயிற்றையும் கொக்கியையும் எடுத்துக் காட்டுங்கள். "விழுந்து தொலைச்சா யாருப்பா பதில் சொல்றது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

இந்த ஊர்க்காரர்கள் புதிய ஆளைக் கண்டதும் கேள்வி கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கீழவளவுப் பக்கம் போய்ப் பார்த்தால் மலையைக் கேக் வெட்டின மாதிரி வெட்டி எடுத்த கிரானைட் குவாரிகள் இன்னும் கண்ணுக்கு முன்னால் கிடக்கின்றன. 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் வந்தபோது சுற்றியிருந்த ஊர்கள் எழுந்து நின்று அதைத் தடுத்தன. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. மேலூர்ப் பக்கத்து மக்கள் 2025 ஜனவரியில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. அப்படிக் காப்பாற்றின பாறை இது. அதில் நாலு பேர் சுத்தியும் துளைக்கிற மெஷினுமாக வந்து நின்றால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கக் கூடாது. அதனால் பாறையில் துளை போட்டுக் கயிறு மாட்ட போல்ட் அடிக்கிற யோசனையே வேண்டாம். நம் பக்கத்துப் பாறைகளுக்கு மேலே பெரும்பாலும் நடந்து போய்ச் சேர வழி இருக்கும். உச்சியில் கெட்டியான பாறைத் தூண் பார்த்து அகலமான பட்டையைச் சுற்றிக் கட்டி, கயிற்றை மேலிருந்து விட்டு ஏறலாம். பாறை வெடிப்பில் முளைத்த கல்லிச்சி மரத்தை நம்பிக் கட்டாதீர்கள், வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நனைந்த கயிறு தாங்குகிற பாரமும் குறைவு, மழையில் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அதில் ஏற வேண்டாம்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். மதுரையைச் சுற்றியிருக்கிற குன்றுகளில் சமணர் படுக்கைகள் இருக்கின்றன. யானைமலை, சமணர்மலை, மாங்குளம், திருவாதவூர், வரிச்சியூர், கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம் என்று பெயர்கள் நீளும். படுக்கைகள் இயற்கையான குகைத் தாழ்வாரங்களில்தான் வெட்டப்பட்டிருக்கும். மேலே கூரை மாதிரி பாறை முன்னால் நீண்டு நிற்கும். பாறை ஏறுகிறவன் கண்ணுக்கு அது அப்படியே தேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வெளி விளிம்புக்கு வந்து மேலே எழும்புகிற வழி பார்த்தவுடனே தெரியும். அந்த விளிம்பில் ஒரு விரல் அளவுக்குக் கூர்மையான, நேரான ஓரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். விரலைப் போடத்தான் செய்து வைத்த மாதிரி இருக்கும்.

அது மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காக உளியால் வெட்டிய காடி. 2000 வருடத்துக்கு மேல் ஆனது. பல இடங்களில் அந்தக் காடியை ஒட்டியே தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கும். மாங்குளத்தில் இருப்பதில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது, கணி நந்தன் என்ற துறவிக்குக் கொடுத்த பள்ளியைப் பற்றிச் சொல்கிறது. 1882-இல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைக் கண்டபோது யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அந்த எழுத்து ஆழமாக வெட்டியதில்லை. வெயில் சாய்வாக விழுந்தால்தான் தெரியும், உச்சி வெயிலில் பக்கத்தில் நின்றாலும் வெறும் கல்தான். நான் முதல் தடவை இப்படி ஒரு காடிக்குக் கீழே நின்றபோது கை தானாக மேலே போனது. மாலை வெளிச்சம் சரிந்து எழுத்து எழும்பி வந்தது. கையை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் குகைத் தாழ்வாரம் என்றால் முதலில் மண்டியிட்டுத் தரையையும், அப்புறம் விளிம்பையும் பார்த்துவிட்டுத்தான் பையை இறக்குவேன். தரையில் தலையணை மேடு வைத்த படுக்கை தெரிந்தால் அங்கே ஏறுவதில்லை.

கிடாரிப்பட்டியிலும் கருங்காலக்குடியிலும் பாறை ஓவியங்களும் இருக்கின்றன. வெள்ளையிலும் செங்காவியிலும் வரைந்தவை. மங்கிப்போன வெள்ளைக் கோட்டை யாரோ போன வாரம் பிடிமானத்துக்குக் கையில் பூசி ஏறி விட்டுப்போன சாக்பொடி என்று நினைத்துத் தேய்த்துவிட முடியும். தயவு செய்து எந்தப் பழைய வெள்ளைக் கறையையும் தேய்க்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் வருடச் சட்டப்படி சிறைத் தண்டனை உண்டு. சட்டத்துக்குப் பயந்து ஒதுங்கினாலும் சரி, பிரியத்தில் ஒதுங்கினாலும் சரி, ஒதுங்கிவிடுங்கள்.

சாக்பொடி என்றதும் சொல்லிவிடுகிறேன். அது மக்னீசியம் கார்பனேட். ஜிம்னாஸ்டிக் ஆடுகிறவர்கள் வைத்திருந்ததை 1950-களில் ஜான் கில் என்ற அமெரிக்கர்தான் பாறைக்குக் கொண்டுவந்தார். திறந்த பாறையில் மழை அதைக் கழுவிவிடும். கூரைக்கு அடியில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். ஏறி முடித்ததும் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். கம்பிப் பிரஷ் ஆகவே ஆகாது. அடுத்த பிடி எங்கே என்று அடையாளம் போட்ட கோடுகளையும் அழியுங்கள், அடுத்து வருகிறவர் தானே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

தேனீக்கு வருவோம். பாறைக் கூரைக்குக் கீழே முறம் அகலத்துக்குக் கறுப்பாகத் தொங்குவது மலைத்தேனீயின் அடை. போன மாதம் இல்லாத இடத்தில் இந்த மாதம் இருக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் கீழே நின்று முழுப் பாறையையும் கண்ணால் துழாவ வேண்டும், மூலை திரும்பியும் பார்க்க வேண்டும். நான் ஒரு தடவை மூலையைப் பார்க்கவில்லை. இருபது அடி மேலே இருந்தேன், இடது பக்கம் ஒரு மடிப்பு, அதற்கு அந்தப் பக்கம் அடை. முதலில் ஒரு தேனீ வந்து தலைக்கவசத்தில் முட்டிவிட்டுப் போனது. அப்புறம் அடை முழுக்க ஓர் அலை ஓடுகிற சத்தம். "இறக்கு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். கீழே கயிறு பிடித்திருந்த நண்பனைச் சுற்றி அதற்குள் பத்து இருபது தேனீ. கழுத்தில் நான்கு கொட்டு வாங்கிக்கொண்டே, கையை உதறாமல், என்னை ஒரே சீராக இறக்கினான். அவன் கயிற்றை விட்டுவிட்டு ஓடியிருந்தால் நான் இல்லை. கயிறு பிடிக்கிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத்தான் பாருங்கள், எவ்வளவு கஷ்டமான வழி ஏறுவார் என்பது அப்புறம். வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பாட்டுப்பெட்டி வேண்டாம், தீ மூட்டவே வேண்டாம். தேனீ கலைந்துவிட்டால் அடித்து விரட்டாமல் முகத்தை மூடிக்கொண்டு தூரமாக ஓடுவதுதான் வழி.

மற்றதெல்லாம் நீங்கள் பழகியதுதான். அடுத்தவர் கயிற்றை மிதிக்காதீர்கள். கேட்காமல் ஒருவருக்குப் பிடி சொல்லிக் கொடுக்காதீர்கள், தானாகக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்தைப் பிடுங்காதீர்கள். கல் பெயர்ந்தால் "கல்லு!" என்று அடித்தொண்டையில் கத்துங்கள், ஆங்கிலத்தில் கத்தினால் கீழே ஆடு மேய்க்கிற அக்காவுக்குப் புரியாது. மலையடியில் அய்யனாரோ கருப்போ இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டுங்கள். சாமிக்கு என்று இருக்கிற பாறையில் யார் அனுமதி கொடுத்தாலும் ஏறாதீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமை, கார்த்திகைத் தீபம் அன்றைக்கெல்லாம் மலை ஊருக்குரியது. சுனைப் பக்கம் பெண்கள் குளிக்கிற நேரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். சுனையில் சோப்புப் போட்டுக் கை கழுவாதீர்கள், ஆட்டுக்கும் குரங்குக்கும் அந்தத் தண்ணீர்தான். நான்கு பேர் நல்ல எண்ணிக்கை. பத்துப் பேர் என்றால் அது கூட்டம்.

நீங்கள் வரும்போது முதல் நாள் ஏறாதீர்கள். ஷூவும் கயிறும் வீட்டிலேயே இருக்கட்டும். விடியலில் ஒத்தக்கடையில் இறங்கி யானைமலையைக் கொஞ்சம் தூரத்தில் நின்று பாருங்கள். ஐப்பசி மழை கழுவின மறுநாள் அந்த மலை சாம்பல் நிறத்தில் இருக்காது, ஈரம் காயாத இடமெல்லாம் கருநீலமாக, வெயில் தொட்ட இடம் ரோஸாக இருக்கும். வெயில் ஏற ஏற அந்த நீலம் கோடு கோடாகச் சுருங்கிக்கொண்டே போகும். எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த முகம் முதலில் காய்கிறது, எந்தத் திட்டிலிருந்து பறவை கிளம்புகிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் டவுனுக்குத் திரும்பி, வண்டியில் விற்கிற பருத்திப்பால் சூடாக ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, எந்த ஊரில் யாரிடம் போய்க் கேட்பது என்று நான்கு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். மறுநாளும் வானம் விட்டிருந்தால் ஐந்தரைக்குக் கிளம்பலாம்.